பதினெட்டு யூனிட்

நோன்பு மூன்றாம் நாள் ராத்திரி இஷா பாங்கு பாதியில் நின்றுபோனது.

கீழத்துறையில் அப்படி நடந்து நான் கேட்டதில்லை. கரண்ட் போனாலும் மோதினார் ஹபீபு மைக்கை ஒதுக்கிவிட்டு வெறும் தொண்டையிலேயே பாங்கை முடித்துவிடுவார். அன்று கரண்ட் இருந்தது. மைக்கில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. எதுவோ தரையில் விழுந்தது. அப்புறம் "மோதினாரே, மோதினாரே, இங்க பாருங்க" என்று யாரோ கூப்பிடுவது ஊர் முழுக்கக் கேட்டது.

நான் என் லாத்தா ராவியத்து வீட்டில் இருந்தேன். என் கூடப்பிறந்த மூத்தவள், கணவர் இல்லை, தனியாக இருக்கிறாள். என் மனைவி மகளுடைய பிரசவத்துக்குச் சென்னை போயிருந்ததால் அந்த ரமலானில் நான் நோன்பு திறப்பது லாத்தா வீட்டில்தான்.

"நோம்பு வாட்டிருச்சு போல, பாவம்" என்றாள் லாத்தா. "அறுபத்தஞ்சு வயசு. சுகரு வேற."

"பில்லை ஒட்டியிருக்காரே."

"எனக்குந்தான் ஒட்டியிருக்கு. இன்னிக்குத் தலையத் தூக்க முடியல எனக்கு."

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை முந்நூற்று எண்பது. அன்று மாலை பில்லை அவளுக்குச் செலுத்திய இன்சுலின் நாலு யூனிட். லாத்தாவுக்குப் பெருத்த உடம்பு, பழைய வியாதி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளுக்கு எப்போதும் பதினெட்டு யூனிட் போகும்.

"நாலுதான் வந்திருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன். கஞ்சியக் கொஞ்சமாக் குடிச்சேன்ல. அது தெரிஞ்சு குறைச்சிருக்கும். அதுக்குத் தெரியாததா?"

அதற்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். பில்லைக்குப் பதிலாக யோசிக்கிற கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

பில்லை என்பது வயிற்றில் ஒட்டிக்கொள்கிற ஒரு வட்டம், வடை அளவு இருக்கும். உள்ளே மருந்து, ஊசி, ஒரு சின்ன ரேடியோ, மேலே ஒரு பொத்தான். சாப்பிடுவதற்கு முன் பொத்தானை அமுக்கினால் அது அப்போதைய சர்க்கரையை எங்கள் மையத்துக்குச் சொல்லும். மையத்தில் இருக்கும் போர்டு அந்த ஆளுடைய கணக்கைப் பார்த்து இத்தனை யூனிட் என்று பதில் அனுப்பும். பில்லை அதை உள்ளே செலுத்திவிடும். மூளையை மையத்தில் வைத்துவிட்டதால்தான் பில்லை ஏழை பாழைக்கெல்லாம் கிடைத்தது. அது வந்த பிறகு ஊசி மருந்தை யாரும் கேட்கவில்லை என்று மருந்துக் கடைகளில் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது.

எங்கள் ஊருக்கு அது இன்னொன்றையும் கொடுத்தது. சுகர்க்காரர்கள் நோன்பு வைக்கப் பயந்த காலம் போனது. லாத்தா பதினோரு வருஷம் நோன்பு வைக்காமல் இருந்தவள். ஊரே நோன்பு திறக்கும்போது அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். இந்த வருஷம் முதல் நோன்பு அன்று சங்கு ஊதியதும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமல், ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு நேராக மையத்துக்குப் போனேன். முந்தின நாள் பதிவுகளைத் திறந்தேன்.

மாலை 6.31. எண் 22786. ஹபீபு முகம்மது. பதினெட்டு யூனிட்.

மாலை 6.31. எண் 57786. ராவியத்து. நாலு யூனிட்.

மோதினார் ஒல்லி உடம்பு. நாலு யூனிட்டைத் தாண்டி அவருக்கு ஒருநாளும் போனதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டே இன்னொரு முறை படித்தேன்.

போர்டில் ஏதோ தகராறு என்றால் நான் போகிற வழி ஒன்றுதான். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே அதுதான் வழி. மையத்தில் அதே மாதிரி உபரி போர்டு ஒன்று உண்டு, சோதனைக்கு மட்டும், பில்லைகளோடு பேசுகிற ரேடியோ அதற்குக் கிடையாது. அதில் பவர் சப்ளை வோல்டேஜைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மெமரியை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினேன். ப்ராசசர் மேலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுசு தடவினேன். கம்பெனி கொடுத்த டெஸ்ட்டை ஓட்டினேன். பாஸ். மறுபடி ஓட்டினேன். பாஸ்.

அப்புறம் கம்பெனி டெஸ்ட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஊர்க்காரர்களுடைய உண்மையான எண்களை எடுத்து, சங்கு ஊதுகிற நிமிஷத்தில் எப்படி வருமோ அப்படியே உபரி போர்டுக்கு அனுப்பினேன். மூன்றாவது நிமிஷத்தில் ஒருவர் பதில் இன்னொருவருக்குப் போனது. கேஷ் மெமரியை நிறுத்திவிட்டு ஓட்டினேன், போர்டு ஆமை மாதிரி நகர்ந்தது, ஆனால் ஒருவர் பதில்கூட ஆள் மாறிப் போகவில்லை. கேஷைப் போட்டுவிட்டு வேகத்தைக் குறைத்தேன், அப்போதும் மாறவில்லை. கேஷும் கூட்டிய வேகமும் சேர்ந்தால்தான் மாறியது.

வேகத்தைக் கூட்டியவன் நான். போன மாதம் சுற்றியுள்ள நாலு கிராமத்தையும் எங்கள் மையத்தில் சேர்த்தார்கள். ஐயாயிரம் பேர் ஒன்பதாயிரம் ஆனார்கள். இன்னொரு போர்டு கேட்டோம். இருப்பதன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. செட்டப் திரையில் ஒரு எண்ணை மாற்றினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மையத்தின் மேலாளர் டென்சில் பர்னாந்து வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், தன்மையான மனுஷன்.

"கம்பெனி டெஸ்ட் பாஸ் ஆயிருக்குல்லா பாய்?"

"அந்த டெஸ்ட் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாக் கேக்குது சார். கடைசி மூணு நம்பர் ஒரே மாதிரி இருக்குற ரெண்டு பேரு அதுல பக்கத்துல பக்கத்துல வர்றதே இல்ல. நம்ம ஊர்ல அப்படியா? கடைசி மூணு நம்பர நீங்களே எடுத்துக்கலாம்னு சொன்னோம். பிஸ்மில்லா நம்பருன்னு நாப்பத்தொரு பேரு 786 வாங்கியிருக்காங்க. நாப்பத்தொரு பேரும் சங்கு ஊதுனதும் அமுக்குறாங்க."

அவர் பதிவுத் திரையை மறுபடி மேலே தள்ளிப் பார்த்தார்.

"வரம்பு இருக்குமே பாய். மோதினாருக்கு இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு."

"அந்த வரம்பு எங்க எழுதியிருக்கு? அவரு கணக்குலதான். கணக்கே எங்க லாத்தா கணக்கா மாறிப் போச்சு. வரம்பும் லாத்தாவோட வரம்புதான்."

"வேகத்த இறக்குனா?"

"மாறாது. ஆனா பில்லை பத்து நிமிஷம்தான் பதிலுக்குக் காத்திருக்கும். அதுக்குள்ள அஞ்சாயிரம் பேருக்குத்தான் சொல்ல முடியும்."

"அப்ப நாலாயிரம் பேருக்கு மருந்து நின்னுரும். அது எந்த நாலாயிரம்னு நமக்குத் தெரியாது." டென்சில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்கு மாறிச்சுன்னு நாலாயிரம் பேருக்கு நிறுத்தச் சொல்லுதீங்க. நான் நிறுத்தட்டுமா? நீங்களே சொல்லுங்க பாய்."

நம்பரை மாற்றிக் கொடுக்கலாம் என்றால் பில்லையைத் தலைமையகத்துக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும், பதினைந்து நாள் ஆகும். டென்சில் தலைமையகத்துக்கு எழுதினார். மத்தியானம் பதில் வந்தது. பெருநாள் முடியும்வரை வேகத்தில் கை வைக்கக் கூடாது. வெளியே யாரிடமும் பேசக் கூடாது. ஜனங்கள் பயந்து பில்லையைப் பிய்த்து எறிந்துவிட்டால் சாவு அதிகமாகும் என்று அதில் எழுதியிருந்தது. அதுவும் பொய்யில்லை.

அன்று சாயந்திரம் லாத்தாவிடம் சொன்னேன். வீட்டு ஆளிடம் சொல்லாமல் எப்படி?

"கேஷுன்னா என்னது அது?"

"கல்யாண வீட்டு வாசல்ல செருப்புப் பொந்து அடிச்சு வச்சிருப்பாங்கல்ல. ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு நம்பர். உங்க டோக்கன்ல கடைசி மூணு நம்பரப் பார்த்து அந்தப் பொந்துல வைப்பாங்க. எடுக்கும்போது முழு டோக்கனையும் பார்த்து, இது உங்களோடதுதானான்னு சரிபார்த்துத் தரணும்."

"ம்."

"கூட்டம் முட்டுனா? சரிபார்க்க நேரம் இல்ல. பொந்துல எது கிடக்கோ அத எடுத்துக் கொடுத்துருவான்."

லாத்தா சிரித்துவிட்டாள். "உன் கல்யாணத்தன்னிக்கு உன் மச்சான் ரெண்டும் எடது கால் செருப்பா மாட்டிக்கிட்டு வந்தாரே. வீடு வரைக்கும் அவருக்கே தெரியல."

"அதேதான் லாத்தா. ப்ராசசர விரட்டுறோம். சரிபார்க்குறதுக்குள்ள தூக்கிக் கொடுத்துருது."

"அப்ப எனக்கு வந்த நாலு?"

"மோதினாரோடது."

அவள் சிரிப்பு போய்விட்டது. வடைக்கு ஊறப்போட்ட பருப்பைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள்.

"என்னோட பதினெட்டு அவருக்குப் போயிருக்கு" என்றாள் கடைசியில்.

"உங்க தப்பு இல்ல."

"நாந்தானே தம்பி 786 வேணும்னு மையத்துல நம்பர் எழுதுன பொண்ணுகிட்ட மல்லுக்கு நின்னு வாங்குனேன்."

"நோம்ப விட்டுருங்க லாத்தா. பெருநாள் வரைக்கும். நேரம் தப்பிச் சாப்பிட்டா யாரோடையும் சேராது."

"அத மட்டும் சொல்லாத."

வேறு வழி ஒன்று எனக்குத் தோன்றியது. சிக்கல் எல்லாரும் ஒரே நிமிஷத்தில் அமுக்குவதால்தானே? தண்ணீரும் பேரீச்சம்பழமும் மட்டும் எடுத்து நோன்பைத் திறந்துவிட்டு, மஃரிப் தொழுதுவிட்டு, அப்புறம் பொத்தானை அமுக்கிக் கஞ்சி குடித்தால்? வீட்டுக்கு வீடு தொழுகை முடிகிற நேரம் மாறும். ஒருவர் பதில் இன்னொருவரோடு முட்டாது.

"நீங்க அப்படிச் செய்யுங்க" என்றேன்.

"சரி" என்றாள்.

ஐந்தாம் நோன்பன்று 786 வைத்திருந்த மற்ற எல்லாருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். காரணம் சொல்லவில்லை. மெஷினுக்குப் பாரம் குறையும் என்று மட்டும் சொன்னேன். ஊர்க்காரன், தெரிந்தவன் என்பதால் கேட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும், "அந்த மெஷினும் நோம்பு வைக்குதா மீராசா?" என்று கிண்டலடித்தார்.

தினமும் ராத்திரி பதிவுகளைப் பார்த்தேன். மற்ற 786-காரர்களுக்கெல்லாம் மூன்றிலிருந்து எட்டு யூனிட்டுக்குள்தான் போகும். அவர்களுக்குள் மாறினால் கண்டுபிடிப்பது கஷ்டம். லாத்தாவின் பதினெட்டு வேறு யார் பேரிலாவது வந்தால் தெரிந்துவிடும். அதைத்தான் தேடினேன். ஐந்தாம் நோன்பில் இல்லை. ஆறாம் நோன்பில் இல்லை.

ஆறாம் நோன்பன்று மத்தியானம் லுஹருக்கு முன்னால் மோதினார் ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டார். நினைவு திரும்பவே இல்லை. ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. நோன்பு மாதத்தில், அதுவும் பாங்கு சொல்லும்போது விழுந்தவர், எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் தோள் கொடுத்தேன். கப்ருக்குழியில் மண் தள்ளும்போது என் கைதான் அந்த எண்ணை மாற்றியது என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஏழாம் நாள் பதிவிலும் பதினெட்டு இல்லை. என் வழி பலிக்கிறது என்று முடிவு செய்தேன். 786 மட்டுமா, பத்ருப் போருக்குப் போனவர்களின் எண்ணிக்கை என்று 313 வாங்கியவர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், சாதாரண எண்களிலும் ஒரு பொந்துக்கு ஏழெட்டுப் பேர். இதை ஊருக்கே சொல்லியாக வேண்டும். பள்ளிவாசல் மைக்கில் சொன்னால்தான் ஊர் கேட்கும். ஜமாத் தலைவர் செய்கு நெய்னா காக்காவைப் பார்க்கப் போனேன். ஊரில் எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். பில்லையை எங்கள் ஊருக்குக் கொண்டுவர அலையாய் அலைந்தவர். அவர் வயிற்றிலும் ஒன்று ஒட்டியிருந்தது, 786தான்.

முழுவதையும் கேட்டார். முகம் இறுகிவிட்டது.

"786-ல கோளாறுன்னு பள்ளிவாசல் மைக்குல நான் சொல்லணும். அதானே?"

"நம்பர்ல கோளாறு இல்ல காக்கா. ஒரே நம்பர நெறைய பேரு—"

"நீ என்ன சொன்னாலும் ஊருக்குள்ள எப்படிப் போகும்? 786 வச்சதால மோதினார் மவுத்தானாருன்னு போகும். நாளைக்கு வெளியூர்க்காரன் வாயில என்ன வரும்? நெனைச்சுப் பாரு."

"நம்பரச் சொல்ல வேணாம் காக்கா. தொழுதுட்டு அமுக்குங்கன்னு மட்டும் சொல்லுங்க. மூணு நாளாப் பாத்துட்டேன், ஒருத்தருக்கும் மாறல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி. எல்லாருக்கும் பொதுவாச் சொல்லிருவோம். நம்பர் பேச்சே வேணாம். நாளைக்குச் சாயந்திரம் அசர் தொழுததும் சொல்லிடுறேன். ஜமாத் கட்டுப்பாடுன்னு சொன்னாத்தான் கேப்பானுவ."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி பல நாளைக்கப்புறம் தூங்கினேன்.

எட்டாம் நோன்பன்று அசருக்கு முன்னால் லாத்தா வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண் போன் செய்தாள். லாத்தா வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறாள், பேச்சு குழறுகிறது என்றாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை அறுநூறைத் தாண்டி, மெஷின் எண்ணைக் காட்டாமல் வெறும் 'அதிகம்' என்று காட்டியது. பெண் டாக்டர் சலைன் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கென்று கொஞ்சம் ஊசி மருந்து இருந்தது, அதைப் போட்டாள்.

"பில்லை போட்டவங்களுக்கு இவ்வளவு ஏற வாய்ப்பே இல்லையே" என்றாள் என்னிடம். "எத்தனை நாளா அமுக்கல இவங்க?"

"தினமும் அமுக்குறாங்க" என்றேன். அவள் அமுக்குகிற நேரத்தில் நான் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருப்பேன்.

அவள் லாத்தாவின் போனை என் முன்னால் நீட்டினாள். நாலாம் நோன்பு இஃப்தாரிலிருந்து ஒன்றுமே இல்லை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் இல்லை, இஃப்தாருக்கும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து லாத்தா கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஏன் லாத்தா?"

"நீ தொழுதுட்டு அமுக்கச் சொன்னே. அப்பவும் எவனாவது அமுக்கிட்டா? நெய்னா காக்கா பொண்டாட்டியும் 786தான். அது கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். அது தாங்குமா பதினெட்ட?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நோம்ப விடச் சொல்லுவே." கண்ணை மூடிக்கொண்டாள். "அமுக்காம இருந்துக்குவோம், கஞ்சியக் குறைச்சுக்குவோம்னு நெனைச்சேன். என் பேருல இன்னொரு மவுத்து வேணாம் தம்பி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதிவில் பதினெட்டு இல்லாமல் போனது என் வழி பலித்ததால் இல்லை. பதினெட்டு கேட்கிறவளே கேட்கவில்லை. யாருக்கு என்ன போனது என்று மூன்று நாளாகப் பார்த்தேன். கேட்காமல் போனது யார் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் தங்களுக்குள் மாறிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், நாலுக்கு ஆறும் ஆறுக்கு மூன்றுமாக. அது என் கண்ணில் பட வழியே இல்லை.

அந்த நேரத்தில் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. நெய்னா காக்காவின் குரல்.

"ஜமாத்தார்கள் கவனத்துக்கு. பில்லை ஒட்டியிருக்குறவங்க இன்னிலேர்ந்து ஒரு கட்டுப்பாட்டுக்கு வரணும். சங்கு ஊதுனதும் யாரும் பொத்தான அமுக்கக் கூடாது. மஃரிப் தொழுகை முடிஞ்சு இமாம் சலாம் கொடுத்ததும் எல்லாரும் அமுக்கணும். முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது. வீட்டுல இருக்குற பொம்பளைங்களும் மைக்குல சலாம் கேட்டதும் அமுக்கணும். கிராமத்துப் பள்ளிவாசல்களுக்கும் சொல்லியாச்சு. எல்லாரும் ஒண்ணா, ஒழுங்கா."

தொழுதுவிட்டு என்று நான் சொன்னதை அவர் திருத்தமாக்கிவிட்டார். சங்கு ஊதும்போதாவது ஒருவன் முதலில் பேரீச்சம்பழம் தின்பான், ஒருத்தி துஆ ஓதுவாள், ஒருவன் போனைத் தேடுவான். கொஞ்சமாவது கலைந்துதான் வரும். இனி ஒன்பதாயிரம் விரல் ஒரே நொடியில் இறங்கும். அதில் லாத்தா மாதிரிப் பெரிய டோஸ் போட்டுக்கொள்கிறவர்கள் அறுபது பேராவது உண்டு.

நெய்னா காக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. டென்சிலுக்கு அடித்தேன். அவர் தூத்துக்குடியில் இருந்தார்.

"பாய், எதையும் தொடாதீங்க" என்றார். "நான் கேட்டுட்டுச் சொல்லுதேன்." ஆறு மணி வரை காத்திருந்தேன், அவரிடமிருந்து போன் வரவில்லை.

நான் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அத்தனை பேரிடமும் பேசிப் புரியவைக்க நேரம் இல்லை. ஒரு ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனேன். பூட்டைத் திறக்கும்போது சங்கு ஊதியது. என் நோன்பைக் குழாய்த் தண்ணீரில் திறந்தேன். போர்டை நிறுத்தி, செட்டப் திரைக்குப் போய், வேகத்தைப் பழைய எண்ணுக்கு இறக்கினேன். போர்டு மறுபடி எழ நாலு நிமிஷம் ஆகும். வெளியே இமாமின் ஓதல் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி ரக்அத்துக்கு, மூன்றாவதுக்கு, அவர் எழுந்தபோது திரையில் எழுத்து வந்தது. நான் போய்ச் சேராத முதல் மஃரிப் ஜமாத் அதுதான் என்று நினைக்கிறேன்.

சலாம் கொடுத்தார்.

திரை நிரம்பியது. ஒன்று, ஒன்று, ஒன்றாகப் பதில் போனது. நான் 786 ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். அவரவருடையது அவரவருக்குப் போனது. பத்து நிமிஷம் முடிந்தது. நாலாயிரத்துச் சொச்சம் வரிகளில் பதில் இல்லை என்று நின்றது. அதற்கப்புறம் என் போன் அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

அன்று யாரும் சாகவில்லை. ஆனால் முப்பத்தாறு பேர் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இருந்த கொஞ்சம் ஊசி மருந்தும் தீர்ந்துபோனது.

மறுநாள் காலை டென்சில் வந்தார். கூட தலைமையகத்து ஆள் இரண்டு பேர். என்னிடம் சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

"வேகத்த ஏத்தாதீங்க சார். இன்னிக்கும் சலாமுக்குத்தான் அமுக்குவாங்க."

"முப்பத்தாறு பேர் பாய்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுறது நடக்கலாம்னு இருக்கு. இது நடந்துருச்சு. நான் எத எழுத முடியும்?"

அவர்களில் ஒருவன் செட்டப் திரையைத் திறந்து எண்ணை மாற்றினான். கம்பெனி டெஸ்ட்டை ஓட்டினான். பாஸ்.

நெய்னா காக்கா வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். உள்ளே அவர் மனைவி இருமுவது கேட்டது.

"காக்கா, அந்தக் கட்டுப்பாட்ட மட்டும் எடுத்துருங்க. அவங்கவங்க இஷ்டத்துக்கு அமுக்கட்டும்."

"முந்தாநாள் தொழுதுட்டு அமுக்கச் சொல்லுன்னே. சொன்னேன். நேத்து மருந்த நிறுத்துனே. இன்னிக்கு அமுக்காதங்குறே. நாளைக்கு என்ன சொல்லுவே மீராசா? நிச்சயமான்னு உன்னக் கேட்டேன்ல? நிச்சயம்னு சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"போ. லாத்தாவப் போய்ப் பாரு."

வழியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சலாமுக்கு அமுக்காதீர்கள், கொஞ்சம் பொறுத்து, ஆளுக்கொரு நேரத்தில் அமுக்குங்கள் என்றேன். மருந்தை நிறுத்தியவன் வருகிறான் என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கிண்டலடித்த அந்தக் கிழவர், "ஒனக்குக் கோளாறுப்பா. மெஷினுக்கு இல்ல" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

சாயந்திரம் ஆஸ்பத்திரியில் லாத்தா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நோன்பு கூடாது என்றிருந்தாள், பில்லையையும் எடுத்துவிட்டிருந்தாள். அந்த வார்டில் முந்தின நாள் வந்தவர்களில் பதினாலு பேர் இருந்தார்கள். எதிர்க் கட்டிலில் பதினெட்டு வயசுப் பெண், நெசவுக்காரர் மகள், நோஞ்சான். ஜன்னல் பக்கம் பெரிய உடம்புக்காரர் ஒருவர், மீன் ஏலம் எடுப்பவர். இரண்டு பேருடைய பில்லை எண்ணையும் படுக்கை அட்டையில் பார்த்தேன். இரண்டும் 313.

அந்தப் பெண்ணிடம் போனேன். "இன்னிக்கு சலாம் கேட்டதும் அமுக்காதம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு அமுக்கு."

பெண்ணின் தாய் நடுவில் வந்து நின்றாள். "நேத்து அமுக்கியும் மருந்து வராமத்தான் இங்க வந்து கெடக்குறோம். இன்னிக்கும் நிறுத்த வந்துட்டீங்களா? போங்க அங்கிட்டு."

மீன் ஏலக்காரரிடம் போனேன். அவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். உதட்டில் விரலை வைத்தார். மைக்கில் இமாம் ஓதுவது கேட்டுக்கொண்டிருந்தது, அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வார்டு முழுவதும் அப்படித்தான் இருந்தது. சட்டையை விலக்கி, பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஒருவரும் முந்தாமல், ஒருவரும் பிந்தாமல், நான் சொல்லிக்கொடுத்தபடி எல்லாரும் சலாமுக்காகக் காத்திருந்தார்கள்.